கரிசலில் பேச்சுக்குப் பஞ்சமில்லை

கோவில்பட்டி, கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், வடக்கே சாத்தூர், மேற்கே சங்கரன்கோவில் என்று விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில் மழை பொய்த்த வருசங்கள் உண்டு. பேச்சு பொய்த்த வருசம் கிடையாது. மானாவாரியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சம்சாரிக்குப் பேச நேரமும் உண்டு, விஷயமும் உண்டு. பயிர் இன்சூரன்ஸ் பணம் பக்கத்து பிர்காவுக்கு வந்திருக்கிறது, நம் பிர்காவுக்கு ஏன் வரவில்லை? ரேஷன் கடையில் பாமாயில் ஏன் இல்லை? பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸில் யாரைப் பார்க்க வேண்டும்? ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் என்ன ஆள்? டீக்கடைப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அரசாங்கத்தின் அத்தனை துறைகளும் விசாரணைக்கு வந்து போய்விடும்.

இத்தனை பேச்சும் எங்கே போகிறது? இதனால் ஒரு பள்ளிக்கூடமோ, போலீஸ் ஸ்டேஷனோ, பஞ்சாயத்தோ தன்னைத் திருத்திக்கொண்டது உண்டா? உண்டென்றால் அது யார் பேசியபோது நடந்தது? கரிசலின் சுமார் எழுபது வருசக் கதையை இந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டார்கள். 2000-இல் வெளிவந்த ராபர்ட் புட்னத்தின் ‘பௌலிங் அலோன்’ நூல், அங்கே மன்றங்களும் சங்கங்களும் மெலிந்துவிட்டன, மக்கள் கூடிப் பேசுவதே அருகிவிட்டது என்று கவலைப்பட்டது. கரிசலுக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே சங்கத்துக்கும் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. யார் உட்கார்ந்து பேசுகிறார், யார் நின்று கேட்கிறார் என்பதில்தான் இங்குள்ள சிக்கல். ஒரு நிறுவனத்துக்குள்ளே வேலை பார்ப்பவரோ, அதன் அடியில் அகப்பட்டு நசுங்குபவரோ வாய் திறந்து, அந்தப் பேச்சு எழுத்தில் ஏறிய சமயங்களில்தான் இங்கே ஏதாவது அசைந்திருக்கிறது. மற்றதெல்லாம் காற்றோடு போயிருக்கிறது.

பழைய ஊர்ச் சாவடியிலிருந்து தொடங்க வேண்டும். சாவடியும் மடமும் மந்தையும் வெறும் பொழுதுபோக்கிடங்கள் அல்ல. ஊர்க்கூட்டம் அங்கேதான் கூடும். கொடை எப்போது, வரி எவ்வளவு, யாருக்கு அபராதம், யாரை ஒதுக்கி வைப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். திண்ணையில் உட்காரும் உரிமை யாருக்கு என்பது பிறக்கும்போதே எழுதி வைத்ததுபோல. தலித்துகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். பெண்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. பின்னால் டீக்கடை வந்தது. அங்கும் வெகுகாலம் இரட்டைக் குவளை இருந்தது. ஆனாலும் காசு கொடுத்தால் டீ கிடைக்கும், பேப்பர் படிக்கலாம், எதிர்த்துப் பேசலாம் என்ற நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்பட்டது. ‘தினமலர்’ தன் அரசியல் வம்புப் பகுதிக்கு ‘டீக்கடை பெஞ்சு’ என்று பெயர் வைக்கும் அளவுக்குத் தமிழ்நாட்டின் பொதுப்பேச்சுக்கு அதுவே அடையாளமாகவும் ஆனது. சாவடிக்கு அதிகாரம் இருந்தது, எல்லோருக்கும் இடம் இல்லை. டீக்கடையில் இடம் கிடைத்தது, அதிகாரம் போய்விட்டது. அங்கே எடுக்கும் தீர்மானம் கிளாஸைக் கழுவி வைக்கும்வரைதான் நிற்கும்.

அந்தப் பேச்சை எழுத்தில் பிடித்து நிறுத்தியவர்கள் கரிசல் எழுத்தாளர்கள். இடைசெவல் என்ற ஒரே ஊரிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள், இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். விவசாயிகள் இயக்கத்திலும் கம்யூனிஸ்ட் கட்சியிலும் ஈடுபட்டிருந்த கி.ரா.வுக்கு அரசாங்கம் என்பது தீர்வை வசூலிக்க வருபவரின் உருவில் தெரிந்த ஒன்று. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவையே கழற்றிக்கொண்டு போவதைச் சொல்லும் அவருடைய ‘கதவு’ கதையில் வருவாய்த் துறையைப் பற்றி ஒரு வசைகூடக் கிடையாது. அந்தக் கதவில் ஆடி விளையாடிய பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் பூமணி 1979-இல் ‘பிறகு’ நாவலை எழுதியபோது, சுதந்திரத்துக்குப் பிந்தைய கரிசல் கிராமத்தை ஒரு சக்கிலியக் குடும்பத்தின் முற்றத்திலிருந்து பார்க்க முடிந்தது. சாவடிக்கு வெளியே நின்றவர்களுக்கு அதுவரை இலக்கியத்திலும் உட்கார இடம் கிடைத்திருக்கவில்லை. உருளைகுடிக்காரரான சோ. தர்மன், கண்மாயை ஊர் பராமரித்த காலத்தையும் அது கைவிட்டுப்போன காலத்தையும் ‘சூல்’ நாவலில் எழுதி 2019-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார்.

இவர்கள் பார்த்த வேலைகளைக் கவனிக்க வேண்டும். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. தர்மன் பஞ்சாலைத் தொழிலாளி. காந்தி மைதானத்தில் மாலை வேளைகளில் கூடி விடிய விடியப் பேசிய கோவில்பட்டி இளைஞர் கூட்டத்தில் ச. தமிழ்ச்செல்வன் தபால் துறைக்காரர், உதயசங்கர் ரயில்வேக்காரர், தேவதச்சன் நகைக்கடைக்காரர். கட்சி, சினிமா, ரஷ்ய நாவல், சாதி என்று அங்கே அலசப்படாத பொருள் இல்லை என்பார்கள். பலரும் தாம் பேசிய நிறுவனங்களுக்குள்ளேயே சம்பளம் வாங்கியவர்கள். வெளியிலிருந்து வீசும் ஏச்சுக்கும் உள்ளிருந்து வரும் சாட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் எழுத்தில் பார்க்கலாம். ஆனால் அந்த மைதானத்திலும் பேசியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள்தான்.

பெண்கள் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தார்கள். இந்தப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, எல்லாமே ‘ஆபீஸ்’தான். விடியுமுன்னே வண்டி வந்து ஊர் ஊராய் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். கட்டை அடுக்குகிறவர்களும் பெட்டி ஒட்டுகிறவர்களும் பண்டல் போடுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள், ஒரு காலத்தில் பிள்ளைகள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. அதனால் வாய் பேசினாலும் கை நிற்காது. கட்டையில் வரிசை வரிசையாகக் குச்சியை நிரப்பிக்கொண்டே வாத்தியார், போலீஸ், புருசன், மகளிர் குழுக் கடன் எல்லாம் பேசப்படும். கரிசலின் மிக நீண்ட பொதுவிவாதம் அங்கேதான் நடந்திருக்கிறது. அதற்கு நிருபரும் இல்லை, நாவலாசிரியரும் அபூர்வம்.

பிள்ளைத் தொழிலாளர் பிரச்சினை வெளியே பேசப்பட்டது வேறு இடங்களில். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி ரூ. 20,000 கட்ட வேண்டும். அந்தப் பிள்ளையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ரூ. 5,000 தன் பங்காகப் போட வேண்டும். ஊருக்குள் இதற்கு வரவேற்பு இருந்ததென்று சொல்ல முடியாது. தொழிலைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு பக்கமும், பிள்ளை சம்பாத்தியம் நின்றால் உலை எப்படிக் கொதிக்கும் என்று இன்னொரு பக்கமும் பேசினார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. பள்ளிக்கூடத்துச் சோறும், பிற்பாடு நூறு நாள் வேலையும், இயந்திரங்களும் வந்த பிறகே அதற்கு அரைகுறையாவது பதில் கிடைத்தது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத் தயாரிப்பில் பூமணியே இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ இந்த நெருக்கடியை வீட்டுக்குள்ளிருந்து சொன்ன படம். கோவில்பட்டிக்காரர்களிலேயே அதைப் பார்த்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

அண்மைக் காலத்து லைட்டர் கதையை இதனோடு வைத்துப் பார்க்கலாம். மலிவான சிகரெட் லைட்டர்கள் வந்து தீப்பெட்டி வியாபாரத்தைத் தின்கின்றன என்று உற்பத்தியாளர் சங்கங்கள் மனு மேல் மனு கொடுத்தன. 2022 செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் மாதக் கடைசியில் ரூ. 20-க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்துவிட்டது. அதற்கு முன், மூலப்பொருள் விலை ஏறியது என்று சங்கங்கள் கூடிப் பேசி 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலையை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக்கின. 14 வருசத்தில் முதல் உயர்வு. ஜி.எஸ்.டி. விகிதத்துக்கும் டெல்லிவரை போய்ப் பேசினார்கள். தப்பில்லை, தொழில் பிழைக்க வேண்டும். ஆனால் கட்டைக்கு எத்தனை பைசா ஏற்றித் தருவது என்ற பேச்சு அந்தத் தூரத்தில் கால்வாசிகூடப் போனதில்லை. லெட்டர்பேடு வைத்திருப்பவர் பேசினால் டெல்லிக்குக் கேட்கிறது. லெட்டர்பேடு இல்லாத பெண் பேசினால் மேஸ்திரியைத் தாண்டுவதில்லை.

சம்சாரிகளுக்கு ஒரு காலத்தில் அப்படியொரு குரல் இருந்தது. கோவைப் பக்கத்தில் மின்கட்டணப் போராட்டத்தில் எழுந்த தமிழக விவசாயிகள் சங்கத்தின் தலைவர் நாராயணசாமி நாயுடு, சுற்றுப்பயணத்தில் இருந்தபோது 1984 டிசம்பரில் கோவில்பட்டியில்தான் காலமானார். பம்புசெட்டுக்காரர்களின் சங்கமாகத் தொடங்கியது மானாவாரிக் காடுவரை வந்ததற்குக் காரணம் கடன். ஜப்தியைப் பற்றிப் பேசினால் கிணறு இல்லாதவனும் காது கொடுப்பான். அவருக்குப் பின் சங்கம் பல துண்டுகளானது. இப்போது மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அழுகிய உளுந்துச் செடியையும் காட்டுப்பன்றி தின்ற மக்காச்சோளத் தட்டையையும் கலெக்டர் முன்னால் நீட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு அந்தக் குரல் நிற்கிறது.

சாதியைப் பற்றிய பேச்சில்தான் நிறுவனங்கள் நழுவும் விதம் பளிச்சென்று தெரியும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் படை புகுந்து தலித் வீடுகளைச் சூறையாடியது. 1997-இல் தலித் சமூகத்தைச் சேர்ந்த விடுதலை வீரரான வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகத்தை அரசு அறிவித்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரமே நடந்தது. கலைஞர் அரசு கண்ட வழி, எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்துவிடுவது. வ.உ. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது அப்போதுதான். கலவரம் அடங்கியது என்பது உண்மை. ஒரு பெயரோடு பஸ்ஸில் போக முடியாதவர்களிடம் ஏன் என்று கேட்கும் பொறுப்பிலிருந்து அரசு தப்பித்துக்கொண்டது என்பதும் உண்மை. கேட்காத கேள்வி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கலர் கயிறாகத் திரும்பி வந்தது. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவனும் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, கயிற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது முதலிய பரிந்துரைகளை 2024 ஜூனில் கொடுத்தது. அந்த அறிக்கையை வாசிக்காமலே அதைப் பற்றிப் பேசியவர்கள் அநேகம்.

எட்டயபுரத்துக்கு வருவோம். பாரதி பிறந்த அந்த ஊரில்தான் 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்காருவது என்பது அந்தக் காலத்துக் கரிசலில் சின்ன காரியமில்லை. 2023 செப்டம்பரில், எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டி தொடக்கப்பள்ளியில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டச் சாப்பாட்டைப் பிள்ளைகள் தொடவில்லை. சமைத்த பெண் தலித். மகளிர் குழு மூலம் முறையாக நியமிக்கப்பட்டவர். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் மாவட்ட ஆட்சியரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். சாதி காரணமில்லை, சொந்தத் தகராறு என்று ஊரில் சிலர் சொன்னார்கள். இந்த விளக்கம் கரிசலில் எந்தச் சாதிச் சம்பவத்துக்கும் தயாராக இருக்கும். நமக்கு வேண்டியது வேறு. அந்தச் சமையல்காரப் பெண் வாய் மூடிக்கொண்டு வேலையை விட்டுப் போயிருந்தால் பாத்திரம் பாத்திரமாய் மிஞ்சிய சோற்றைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் சொன்னார், நிருபர்கள் எழுதினார்கள், 1956-இல் போட்ட பந்தியை 2023-இல் மறுபடி போட வேண்டியிருக்கிறது என்பது கோட்டைக்குத் தெரிந்தது.

இதைவிடப் பெரிய சாட்சி 2020 ஜூனில் கோவில்பட்டி வழியாகத்தான் வந்தது. ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19 இரவு சாத்தான்குளம் போலீஸ் ஒரு தந்தையையும் மகனையும் பிடித்தது. ஸ்டேஷன், ஆஸ்பத்திரிச் சான்று, நடுவரின் ரிமாண்ட் உத்தரவு, கோவில்பட்டி கிளைச் சிறை என்று ஒவ்வொரு வாசலையும் அந்த இருவரும் ரத்தக் காயத்தோடு கடந்தார்கள். எந்த வாசலிலும் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. 22-ஆம் தேதி இரவு மகனும் மறுநாள் காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அதற்கு நான்கு வாரம் முன்னால்தான் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் முழங்காலின் கீழ் செத்துப்போயிருந்தார். அங்கே போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கை, விசாரணையின்போது உடல்நலக் குறைவால் இறந்தார் என்ற தொனியில் இருந்தது. 17 வயதுப் பெண் ஒருத்தி செல்போனில் எடுத்த வீடியோ அதை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. இரண்டையும் சேர்த்துப் பேசாத செய்திச் சேனல் அந்த மாதம் இல்லை.

சாத்தான்குளத்தில் வீடியோ இல்லை. மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு அனுப்பிய கோவில்பட்டி நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தபோது, கணினியில் இடம் இருந்தும் சி.சி.டி.வி. பதிவு அன்றன்றைக்கு அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது. மிஞ்சியது ஒரு பெண் தலைமைக் காவலரின் வாய்ச்சொல் மட்டும். இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்தது என்று அவர் நடுவரிடம் சொன்னார். சொன்னவர் கையெழுத்துப் போடப் பயந்தார். வெளியே சக போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷனையே வருவாய்த் துறை பொறுப்பில் எடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போய் ஒன்பது போலீஸ்காரர்கள் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த நாட்களில் பாடகி சுசித்ரா ஆங்கிலத்தில் பேசிய வீடியோ உலகமெல்லாம் ஓடியது. அதில் உண்மையல்லாத தகவல்கள் இருப்பதாக சி.பி.சி.ஐ.டி. சொல்லி, கடைசியில் அவரே அதை எடுத்துவிட்டார். ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது அந்த வீடியோ. வழக்கை நிற்க வைத்தது ஒரு காவலரின் கையெழுத்து.

வாட்ஸ்அப்பை முழுக்கக் குறை சொல்ல முடியாது. அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாறு பக்கம் ஓலைக்குளத்தில் ஆடு மேய்க்கும் தலித் பெரியவர் ஒருவரைக் காலில் விழவைத்த காட்சியை எடுத்துப் பரப்பினார்கள். பெருமைக்கு எடுத்த வீடியோவே ஆதாரமாகி ஏழு பேர் கைதானார்கள். ஆனால் ஊர்க் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தெரு என்றால் சாதி. பழைய சாவடியிலாவது ஒதுங்கி நின்றவன் காதில் பேச்சு விழும். புதிய சாவடியில் அதுவும் விழாது.

எல்லோருக்கும் இடமும் இருந்து, பேச்சுக்கு அதிகாரமும் இருக்கிற இடம் என்று சட்டப்படி ஒன்றைத்தான் காட்ட முடியும்: கிராம சபை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கொடுத்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நாட்களோடு மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து இப்போது வருசத்துக்கு ஆறு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வர வேண்டும். இந்த நூறு பேரைச் சேர்க்கும் வழி ஊருக்கே தெரியும்: நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச் சொல்வது. அவர்கள் வெயிலில் உட்கார்ந்து, செயலர் வாசிப்பதைக் கேட்டு, நோட்டில் கையெழுத்தோ கைரேகையோ வைத்துவிட்டுப் போகிறார்கள். தீர்மானம் பல சமயம் அதற்குப் பிறகுதான் எழுதப்படுகிறது. தூத்துக்குடி உட்பட பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, கேள்வி கேட்க எதிரில் ஊர்க்காரர் ஒருவர்கூட மேடையில் இல்லாமல் போனார்.

இருந்தும் இந்த நோட்டைத்தான் நம்பச் சொல்வேன். தீப்பெட்டி ஆபீஸில் பேசியது நோட்டில் ஏறவில்லை, காந்தி மைதானத்தில் பேசியது நாவலில் ஏறியது, ஸ்டேஷனில் சொன்னது நடுவரின் தாளில் ஏறியது. அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் கையெழுத்து வைக்குமுன் தீர்மானத்தை எழுதி முடித்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பெண்கள் கேட்டால் இன்னும் நல்லது. வந்திருப்பவர்களில் அவர்கள்தான் அதிகம். பிறகு நகல் கேளுங்கள். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.